வீட்டில் மயோனைஸ்: மஞ்சள் கருவைச் சூடாக்கிச் செய்யும் முறை

மயோனைஸ் செய்ய அடிப்படையாகத் தேவைப்படுபவை நான்கு பொருள்கள்தாம்: எண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு, புளிப்புக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ, உப்பு. இவை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும். ஆனால் இதற்கெனப் பரவலாகக் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை பச்சை முட்டையை உடைத்து மிக்ஸியில் ஊற்றுவதிலிருந்து தொடங்குகின்றன. இங்கே சொல்லப்படுவது வேறு வழி. மஞ்சள் கருவை வினிகரோடும் தண்ணீரோடும் கலந்து 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, ஆறவைத்து, அதற்குப் பிறகு எண்ணெயைச் சேர்க்க வேண்டும். இதனால் பத்து நிமிட வேலை கூடும். சுவை குறையாது, பதமும் கெடாது. சொல்லப்போனால், சூடாக்கிய கருவில் செய்த மயோனைஸ் பச்சைக் கருவில் செய்ததைவிடச் சற்றுக் கெட்டியாகவே அமைகிறது. பச்சை முட்டையின் வாடையும் அதில் இராது.

ஏன் சூடாக்க வேண்டும்

பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிப்பதற்கும், சேமித்து வைப்பதற்கும், விற்பதற்கும் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதற்கு முன்னரே கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியிலும் இதே போன்ற தடையைக் கொண்டுவந்திருந்தன. இந்தத் தடைகள் வணிகத்துக்கானவை; வீட்டு அடுப்படியைச் சோதிக்க எந்த அலுவலரும் வரப்போவதில்லை. ஆயினும் தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா ஓட்டின் மேல் ஒட்டிய எச்சத்தில் இருப்பதோடு நின்றுவிடுவதில்லை. அதில் ஒரு வகை, தொற்றுள்ள கோழியின் வயிற்றுக்குள்ளேயே, ஓடு உருவாவதற்கு முன்பாகவே, முட்டைக்குள் புகுந்துவிடக்கூடியது. ஆகவே முட்டையை எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. நாட்டுக்கோழி முட்டை என்பதும், அன்று காலையில்தான் பண்ணையிலிருந்து வந்தது என்பதும் இதற்கு விலக்கு ஆகா.

“வினிகர் ஊற்றுகிறோமே, அதிலேயே கிருமி செத்துவிடும்” என்று சொல்பவர்கள் உண்டு. புளிப்பு கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் போதிய அளவு புளிப்பும் போதிய நேரமும் வேண்டும். கலவை குளிர்ந்திருந்தால் அந்த வேலை இன்னும் மெதுவாகவே நடக்கும். செய்த மயோனைஸை உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, உள்ளே வினிகர் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருப்பதில் பயனில்லை. எலுமிச்சைச் சாற்றின் புளிப்போ பழத்துக்குப் பழம் மாறும். அதை அளந்து பார்க்க வீட்டில் வழி கிடையாது. வெப்பத்தைத்தான் அளக்க முடியும். 71 டிகிரியை எட்டிய மஞ்சள் கருவில் சால்மொனெல்லா பிழைக்காது. சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் உள்ள வீட்டில் பச்சை முட்டை மயோனைஸ் என்ற பேச்சே வேண்டாம். மற்ற வீடுகளிலும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எண்ணெயும் நீரும் எப்படிச் சேர்கின்றன

செய்முறைக்கு முன் இதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுவது நல்லது. இது புரிந்துவிட்டால் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையும், கலவை பிரிந்துவிடுமோ என்ற அச்சமும் இராது. மயோனைஸ் என்பது ஒரு பால்மம். நீரும் எண்ணெயும் இயல்பாகக் கலப்பதில்லை. ஆனால் எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துளிகளாக உடைத்து நீருக்குள் பரப்பி, அந்தத் துளிகள் மறுபடியும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் தடுத்துவிட்டால், இரண்டும் ஒரே பொருள் போல நின்றுவிடும். தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கும்போது கொழுப்புத் துளிகளைத் திரளச் செய்கிறோம். இங்கே அதற்கு நேர் எதிராக, திரண்டிருக்கும் கொழுப்பைக் கடைந்து சிதறடிக்கிறோம். சிதறிய துளிகளைச் சேரவிடாமல் காப்பது மஞ்சள் கருவில் உள்ள லெசித்தினும் புரதங்களும். லெசித்தின் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றிக்கொள்வதால், ஒவ்வொரு துளியைச் சுற்றியும் ஒரு மெல்லிய உறை உண்டாகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, எண்ணெய் கூடக்கூட மயோனைஸ் கெட்டிப்படும். புதிதாகச் செய்பவர்கள் கலவை இறுகிவிட்டது என்று எண்ணி, தளர்த்துவதற்காக இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுவார்கள். அது மேலும் இறுகி, ஒரு கட்டத்தில் பட்டென்று பிரிந்துவிடும். துளிகள் பெருகப் பெருக அவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அசைய இடமின்றி நிற்பதுதான் அந்தக் கெட்டித்தன்மைக்குக் காரணம். தளர்த்த வேண்டுமானால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டாவது, “ஒரு கருவுக்கு இவ்வளவு எண்ணெய்தான் தாங்கும்” என்ற கணக்கு கருவைப் பொறுத்ததைவிட நீரைப் பொறுத்தது. கருவில் இருக்கும் லெசித்தின் ஏராளமான எண்ணெயைத் தாங்கக்கூடியது. துளிகளுக்கு இடையே நிற்கும் நீர் போதாமல் போவதால்தான் பெரும்பாலும் கலவை உடைகிறது. சாதாரண மயோனைஸில் எண்ணெய் 70 முதல் 80 சதவீதம் வரை இருக்கும். வீட்டில் செய்யும்போது 70 சதவீதத்தை ஒட்டி நிறுத்திக்கொள்வது பாதுகாப்பான எல்லை.

பொருள்களும் அளவும்

ஏறத்தாழ கால் கிலோ மயோனைஸுக்கு இரண்டு முட்டைகளின் மஞ்சள் கரு, வினிகர் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒன்றரை மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு தேக்கரண்டி, கடுகுப் பொடி அரைத் தேக்கரண்டி, பொடி உப்பு அரைத் தேக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 200 மில்லி ஆகியவை வேண்டும். முட்டை சிறியதாக இருந்தால் மூன்று கருக்களாகப் போடலாம். கரு ஒன்று கூடினால் கெடுதல் எதுவும் நேராது. கருவைப் பிரிக்கும்போது உடைந்த ஓட்டின் இரு பாதிகளுக்கு இடையே மாற்றி மாற்றி ஊற்றும் வழக்கத்தைவிட, சுத்தமான கையில் ஏந்தி விரலிடுக்கில் வெள்ளையை வழியவிடுவது நல்லது. ஓட்டின் வெளிப்புறம் கருவில் படாது. வெள்ளைக் கருவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் முட்டைப் பொரியலுக்கு ஆகும்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில்தான் சுவை முடிவாகிறது. எடையில் பத்தில் ஏழு பங்கு அதுதானே. வாடையில்லாத ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய் எல்லாவற்றிலும் எளிதானது. தவிட்டு எண்ணெயும் சரிவரும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் செய்ய முடியும், ஆனால் வாயில் வைத்தவுடன் அந்த எண்ணெயின் மணமே மேலோங்கி நிற்கும். நல்லெண்ணெயை முழுவதுமாகப் பயன்படுத்தாமல் கடைசியில் இரண்டு தேக்கரண்டி மட்டும் சேர்த்தால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு அருமையாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. தேங்காய் எண்ணெய் உதவாது: ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், ஃப்ரிட்ஜில் வைத்தவுடன் துளிகள் உறைந்து தங்கள் உறையைக் கிழித்துக்கொள்ளும், வெளியே எடுத்து இளகியதும் எண்ணெய் தனியே நிற்கும்.

மயோனைஸ் மத்தியதரைக் கடலை ஒட்டிய சமையலிலிருந்து வந்தது என்று பலரும் கருதுகிறார்கள். 1756இல் மினோர்க்கா தீவின் மாவோன் துறைமுகத்தைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியபோது, தளபதி ரிஷ்லியூ கோமகனின் சமையற்காரர் இதைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அதைக் கதையாகவே கொள்ள வேண்டும். அந்தப் பகுதிக்குரிய எண்ணெய் என்பதால் ஆலிவ் எண்ணெயில் செய்ய விரும்புகிறவர்கள், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்ஸியிலோ பிளெண்டரிலோ அடிக்கக் கூடாது. வேகமாகச் சுழலும் பிளேடில் சிதறும்போது அதிலுள்ள கசப்புத் தன்மை மேலோங்கிவிடக்கூடும். மற்ற எண்ணெயில் மயோனைஸை முழுவதுமாக அடித்து முடித்த பிறகு, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயைக் கையால் கலக்கிச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடுகு சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவது அன்று. அதன் நுண்ணிய துகள்களும், தோலிலுள்ள பசைத்தன்மையும் துளிகள் ஒன்று சேராமல் காப்பதில் கருவுக்குத் துணைநிற்கின்றன. மஞ்சள் கடுகு கிடைத்தால் அதையே பொடித்துக்கொள்ளலாம்; நாம் தாளிக்கும் கருங்கடுகு காரம் மிகுந்தது, அதனால் அளவைப் பாதியாக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் பொடியை ஒரு தேக்கரண்டி பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். கடுகின் காரம் நீர் பட்ட பிறகுதான் எழும், வினிகர் முதலிலேயே பட்டுவிட்டால் அது மட்டுப்படும். இந்தத் தேக்கரண்டி நீரை மேலே சொன்ன ஒன்றரை மேசைக்கரண்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கடையில் வாங்கிய மஸ்டர்ட் பேஸ்ட் இருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி போதும்.

வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும் இரண்டு வேறு நேரங்களில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. சூடாக்கும்போது கருவில் புளிப்பு இருந்தால் அது சட்டென்று திரிந்து கட்டியாகாது. அந்த வேலைக்கு வினிகர். எலுமிச்சையின் மணம் சூட்டில் போய்விடும் என்பதால் அது கடைசியில்.

மஞ்சள் கருவைச் சூடாக்குதல்

ஓர் அகலமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, அது மெல்லக் கொதிக்கும் நிலைக்கு வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். அதன் விளிம்பில் உட்காரும்படியான, அடி வளைந்த எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சள் கரு, வினிகர், மீதித் தண்ணீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றைப் போட்டு அடுப்புக்கு வெளியிலேயே நன்றாகக் கலக்கிக்கொள்ள வேண்டும். உப்பும் சர்க்கரையும் எண்ணெயில் கரையாதவை. இந்தக் கட்டத்திலேயே கரைந்துவிட்டால்தான் பின்னால் பல்லில் நறநறக்காது. கிண்ணத்தின் அடி கீழே உள்ள தண்ணீரைத் தொடாமல், ஆவி மட்டும் படும்படி வைத்து, விஸ்க்கால் நிறுத்தாமல் கலக்க வேண்டும். முட்டை அடிக்கும் அந்தக் கம்பிக் கரண்டி இல்லாவிட்டால் இரண்டு முள்கரண்டிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டும் கலக்கலாம்.

முதல் ஒரு நிமிடம் எதுவும் மாறாதது போலத் தெரியும். பிறகு மேலே சிறு நுரை எழும். அடர்மஞ்சளாக இருந்த கலவை வெளிறத் தொடங்கும். நுரை அடங்க அடங்க விஸ்க் போகும் பாதையில் கோடு விழுந்து, விழுந்த கணமே மறையும். இந்த இடத்தில் கவனம் தேவை. கிண்ணத்தின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருக்கும் கரு மற்றதைவிட முன்னதாகச் சூடேறி வெந்துவிடும் என்பதால் ரப்பர் கரண்டியால் அவ்வப்போது வழித்து உள்ளே தள்ள வேண்டும். கோடு மறைய ஓரிரு விநாடி எடுத்துக்கொள்ளும்போது வெப்பமானியின் முனையைக் கலவையின் நடுவில், கிண்ணத்தைத் தொடாமல் பிடித்துப் பார்க்க வேண்டும். 71 டிகிரி காட்டியவுடன் கிண்ணத்தைத் தூக்கி, தயாராக வைத்திருக்கும் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் இறக்கி, மேலும் ஒரு நிமிடம் கலக்க வேண்டும். இறக்கிய பிறகும் கிண்ணத்தின் சூடு கருவை வேகவைத்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவதற்குத்தான் இந்தத் தண்ணீர்.

தனி மஞ்சள் கரு 65 டிகிரியிலேயே கெட்டிப்படத் தொடங்கி 70 டிகிரியில் இறுகிவிடும். தண்ணீரும் வினிகரும் சர்க்கரையும் கலந்திருப்பதால்தான் நமக்கு 71 டிகிரி வரை செல்ல இடம் கிடைக்கிறது. எனவே தண்ணீரின் அளவைக் குறைக்கக் கூடாது. சிறு கட்டிகள் விழுந்துவிட்டால் அதற்காகக் கலவையைக் கொட்டிவிட வேண்டியதில்லை: தேநீர் வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடித்துக்கொண்டால் போதும். முழுவதும் முட்டைப் பொரியலாக ஆகிவிட்டால் மட்டும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

வெப்பமானி இல்லாதவர்கள் கண்ணளவை நம்பி இந்த முறையில் இறங்க வேண்டாம். கரண்டியின் பின்புறத்தில் பூச்சாக ஒட்டுகிறதா என்பது பதத்தைத்தான் காட்டுமே தவிர, வெப்பத்தை உறுதியாகக் காட்டாது. சமையலுக்கான டிஜிட்டல் வெப்பமானி பாத்திரக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. அதை வாங்கும்வரை, பின்னால் சொல்லப்படும் அவித்த முட்டை முறையோ பால் முறையோ போதும்.

எண்ணெய் சேர்த்தல்

கரு அறையின் வெப்பநிலைக்கு ஆறியதும் குழைத்த கடுகைச் சேர்த்துக் கலக்கிக்கொள்ள வேண்டும். எண்ணெயும் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். இனி மூன்று வழிகள் உண்டு. கையில் இருக்கும் கருவியைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

கையால் அடிப்பது எல்லாவற்றிலும் நேரம் பிடிப்பது, ஆனால் மயோனைஸ் உருவாவதைக் கண்ணால் பார்க்க முடிவதும் அதில்தான். கிண்ணம் நகராமலிருக்க ஈரத் துணியைச் சுருட்டி வளையமாக்கி அதன்மேல் உட்காரவைத்து, ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் எண்ணெயைத் தேக்கரண்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் உள்ளே போகும் வரை அவசரமே கூடாது. ஒவ்வொரு சொட்டும் கலவையில் மறைந்த பிறகே அடுத்தது. தொடக்கத்தில் எண்ணெய் அதிகமாக விழுந்துவிட்டால் அது பெரிய துளிகளாகவே நின்று, ஏற்கெனவே உடைந்த சிறிய துளிகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிடும். முதல் கட்டம் தாண்டியதும் கலவை திடமாகி, நிறம் வெளிறி, விஸ்க்கின் கம்பிகளில் பற்றிக்கொள்ளத் தொடங்கும். அதன் பிறகு துளிகள் நெருங்கிவிடுவதால், புதிதாக வரும் எண்ணெயை ஏற்கெனவே இருக்கும் துளிகளே இடித்து உடைத்துவிடுகின்றன. எண்ணெயை மெல்லிய இழையாக ஊற்றிக்கொண்டே போகலாம். பாதி எண்ணெய் சேர்ந்ததும் எலுமிச்சைச் சாற்றில் பாதியை விட்டுக் கொஞ்சம் தளர்த்தி, மீதி எண்ணெயையும் கடைசியில் மீதிச் சாற்றையும் சேர்த்து முடிக்க வேண்டும்.

கையில் பிடித்து அடிக்கும் பிளெண்டர் இருந்தால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பிளேடின் தலை மட்டுமே நுழையும் அளவுக்குக் குறுகலான, உயரமான பாத்திரம் ஒன்று வேண்டும். அகலமான பாத்திரத்தில் இந்த உத்தி பலிக்காது. அடியில் கருக்கலவை, அதன்மேல் மொத்த எண்ணெய் என்று ஊற்றி, எண்ணெய் மேலே தெளிந்து நிற்கும்வரை காத்திருந்து, பிளெண்டரின் தலையை அடியோடு அழுத்தி வைத்து இயக்க வேண்டும். பத்துப் பதினைந்து விநாடி அசைக்கவே கூடாது. பிளேடுக்கு அடியிலிருந்து வெள்ளைச் சுருள்கள் கிளம்பி எண்ணெய்க்குள் ஏறுவது பாத்திரத்தின் பக்கவாட்டில் தெரியும். அடிப்பகுதி முழுவதும் வெண்மையானதும் பிளெண்டரை மெல்ல மெல்ல மேலே தூக்கி மீதி எண்ணெயையும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சைச் சாறு இதற்குப் பிறகு.

மிக்ஸியில் செய்பவர்களுக்கு இரண்டு சிக்கல்கள் வரும். இரண்டு கருக்களின் கலவை பெரிய ஜாரில் பிளேடுக்கு எட்டாது. ஆகவே சட்னி ஜாரில்தான் செய்ய வேண்டும், அளவையும் ஒன்றரை மடங்காக்கிக்கொள்வது நல்லது. அடுத்தது, மிக்ஸி ஓட ஓட ஜார் சூடாகும். சூடேறிய கலவை எளிதில் பிரியும். விடாமல் ஓட்டாமல், பல்ஸ் பக்கம் திருப்பித் திருப்பி விட வேண்டும். பெரும்பாலான சட்னி ஜார்களின் மூடியில் ஊற்றுவதற்குத் துளை இருப்பதில்லை. முதலில் ஒவ்வொரு தேக்கரண்டியாகவும், கெட்டிப்பட்ட பிறகு ஒவ்வொரு மேசைக்கரண்டியாகவும் எண்ணெய் ஊற்றி, மூடி, சில விநாடி ஓட்டி, திறந்து, மறுபடி ஊற்றுவதுதான் வழி. பொறுமை உள்ளவர்களுக்கு இதிலும் நல்ல மயோனைஸ் கிடைக்கும்.

பிரிந்துவிட்டால்

கலவை பளபளப்பை இழந்து, தயிர் திரிந்தது போல் திப்பிதிப்பியாகி, ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் மயோனைஸ் உடைந்துவிட்டது என்று பொருள். மேலும் வேகமாக அடித்தால் சேர்ந்துவிடும் என்று முயல்வது வீண். உடைந்த கலவையை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, வேறொரு சுத்தமான கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரும் சிறிது கடுகு விழுதும் போட்டு, உடைந்ததை எண்ணெய் என்றே கருதி, சொட்டுச் சொட்டாக அதில் விட்டு அடிக்க வேண்டும். முதல் சில கரண்டிகள் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாகவே சேரும். இதற்குப் புதிய மஞ்சள் கரு தேவை என்று பலரும் சொல்வார்கள். கரு ஏற்கெனவே கலவைக்குள்தான் இருக்கிறது, பெரும்பாலும் தண்ணீரே போதும். அதோடு, மீட்கும் அவசரத்தில் பச்சைக் கருவை உள்ளே விட்டால் நாம் இவ்வளவு நேரம் சூடாக்கியதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

இன்னும் பிரியாமல், ஆனால் மிகவும் இறுகி, மேற்பரப்பில் எண்ணெய் மினுமினுக்கும் நிலை ஒன்று உண்டு. அது பிரிவதற்கு முந்தைய கட்டம். ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டு அடித்தால் உடனே சரியாகிவிடும்.

வெப்பமானி இல்லாமல் செய்ய

இரண்டு முட்டைகளைக் கொதிக்கும் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, ஆறிய பின் மஞ்சள் கருவை மட்டும் எடுத்து, ஒரு மேசைக்கரண்டி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், கடுகு, உப்பு ஆகியவற்றோடு சேர்த்துப் பிளெண்டரில் கட்டியில்லாமல் விழுதாக்கிக்கொள்ள வேண்டும். இதில் 100 முதல் 120 மில்லி எண்ணெயை மெல்லச் சேர்க்கலாம். வெந்த கருவுக்குப் பச்சைக் கருவின் அளவு பிடிமானம் கிடையாது என்பதால் அதற்கு மேல் போக வேண்டாம். பிரெஞ்சுச் சமையலில் கிரிபிஷ் என்ற சாஸை அவித்த மஞ்சள் கருவில்தான் செய்கிறார்கள். ஆகவே இது ஏதோ ஒட்டுப்போட்ட மாற்று அன்று. நாக்கில் சிறிது மாவுத்தன்மை தெரியும், சாண்ட்விச்சுக்குள் அதுவும் தெரியாது.

முட்டையே வேண்டாம் என்பவர்களுக்குப் பால் மயோனைஸ். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் இது வீட்டுப் பழக்கம். காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பால் 100 மில்லி, எண்ணெய் 200 மில்லி, உப்பு அரைத் தேக்கரண்டி, கடுகு விழுது சிறிது. பாலுக்கு இரு மடங்கு எண்ணெய் என்ற விகிதத்தை நினைவில் வைத்தால் போதும். நிறைகொழுப்புப் பாலாக இருந்தால் நல்லது; ஆடை இருந்தால் எடுத்துவிட வேண்டும். குறுகலான பாத்திரத்தில் எல்லாவற்றையும் ஊற்றி, மேலே சொன்னபடியே பிளெண்டரை அடியில் அழுத்தி இயக்கி, கெட்டிப்பட்டதும் தூக்க வேண்டும். இங்கே லெசித்தினின் வேலையைப் பாலின் புரதங்கள் செய்கின்றன. கடைசியில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து விநாடி அடித்தால் புளிப்பு பட்டு அது இன்னும் இறுகும். நிறம் தூய வெண்மையாக இருக்கும். கடைகளில் கிரில் சிக்கனோடு வரும் வெள்ளை மயோனைஸைக் கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு, முட்டையில் செய்த இளமஞ்சள் மயோனைஸைவிட இதுவே பிடிக்கிறது.

அந்தக் கிரில் சிக்கன் சுவைக்கு வேண்டியது பூண்டு. முட்டை முறையில் செய்பவர்கள் நான்கு பல் பூண்டை மைய நசுக்கி, மஞ்சள் கருவோடும் வினிகரோடும் சேர்த்தே சூடாக்கிவிடலாம். பச்சைப் பூண்டின் நெடி அடங்கி, மணம் மட்டும் நிற்கும். பால் முறையில் ஒரு பல்லுக்கு மேல் போனால் மறுநாள் நெடி தாங்காது. பச்சைப் பூண்டு சேர்த்ததை இரண்டு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வைத்திருக்கும் முறை

செய்து முடித்ததும் கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் நிரப்பி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கடைப் பாட்டில்கள் மாதக்கணக்கில் இருப்பதைப் பார்த்து இதையும் அப்படி வைக்கக் கூடாது. அவற்றில் புளிப்பின் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கும், பதப்படுத்தும் பொருள்களும் இருக்கும். வீட்டில் செய்ததற்கு நான்கு நாள்தான் கணக்கு. பால் மயோனைஸுக்கு மூன்று. ஃப்ரீசரில் வைத்தால் நீர் பனிக்கட்டியாகித் துளிகளின் உறையைக் குத்திவிடும், வெளியே எடுத்ததும் எண்ணெய் பிரிந்து நிற்கும். கதவுப் பக்கத் தட்டைவிட உட்பக்கத் தட்டில் குளிர் சீராக இருப்பதால் பாட்டிலை அங்கே வைப்பது நல்லது. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 100 கலோரி இருக்கிறது என்பதையும் மனத்தில் கொண்டால், நான்கு நாளில் தீரும் அளவுக்கு மட்டும் செய்வதே சரி என்பது விளங்கும்.

முட்டைக்கோஸ், கேரட் போன்றவற்றைச் சீவிக் கலப்பதானால், முதலில் அவற்றில் சிறிது உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, விடும் தண்ணீரைப் பிழிந்துவிட்டுக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் காயின் தண்ணீர் மயோனைஸை நீர்க்கச் செய்துவிடும். வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் முழுவதுமாக ஆறிய பிறகே அதில் சேர வேண்டும்.

மயோனைஸோ, அது கலந்த சாலட்டோ, சாண்ட்விச்சோ வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில், அதாவது நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதியில், ஒரு மணி நேரம்தான். ஆகவே பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் டிபன் பாக்ஸில் இது வேண்டாம். விருந்தாளிகள் வரும் நாளில் பாட்டிலை மேசைக்குக் கொண்டுபோகாமல், அப்போதைக்கு வேண்டியதை மட்டும் ஈரமில்லாத கரண்டியால் சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்து, தீர்ந்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். கிண்ணத்தில் மிஞ்சியதைப் பாட்டிலில் திரும்பக் கொட்டாமல் எறிந்துவிட வேண்டும்.